குச்சிக்கிழங்கில் (மரவள்ளி) மறுநாளே நீலக்கோடு: காயம் பட்ட செல்லுக்குள் நடப்பது என்ன?

அரூர் மேட்டுக்காடு

எங்க மரவள்ளியில எச்-226, வெள்ளைத் தாய்லாந்து ரெண்டு ரகமும் 10 மாசப் பயிர். மாவு ஆலைக்குப் போற லோடில் தொந்தரவு இல்லை. சந்தைக்கும் சிப்ஸ் போடுறவங்களுக்கும் போற கிழங்கில்தான் தகராறு. பிடுங்கின அன்னைக்கு வெட்டினா சதை பால் வெள்ளை. மறுநாள் சாயங்காலம் தோலுக்கு அடியில் மெல்லிசா நீலக்கோடு. மூணாம் நாள் நடு வரைக்கும் கருநீலம். வியாபாரி "அழுகல்"னு சொல்லி விலையைக் குறைச்சிடுறார். கார்பன்டசிம்ங்கிற பூஞ்சை மருந்துக் கரைசலில் முக்கி எடுத்தாலும் அதே கோடு வருது.

பூஞ்சை இல்லைன்னா வேற என்ன? உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சவங்க விவரமா சொல்லுங்க. "நிழலில் வைங்க"ங்கிற மாதிரி ஒரு வரிப் பதில் வேண்டாம்.

வேர்ச்செல்

அழுகல் இல்லை. பூஞ்சை மருந்துக்கு அசையாததே அதற்குச் சாட்சி. கிழங்கு தன் காயத்துக்குத் தானே காட்டுகிற எதிர்வினை இது. கிருமியே இல்லாத சுத்தமான சூழலில் வைத்தாலும் வரும்.

பிடுங்கும்போது கழுத்தும் வாலும் ஒடிகின்றன. உடைந்த செல்லுக்குள் இருக்க வேண்டிய ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு), குளூட்டமேட் என்ற அமினோ அமிலம், செல்சுவரின் துணுக்குகள் எல்லாம் வெளியே கசிகின்றன. பக்கத்துச் செல்களின் சவ்வில் உள்ள ஏற்பிப் புரதங்கள் இந்தக் கசிவைக் கண்டுகொள்கின்றன. ஏடிபி வெளியே கிடந்தால் எங்கோ செல் உடைந்திருக்கிறது என்றுதான் பொருள். உடனே கால்சியம் வாயில்கள் திறந்து செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. அது சவ்வில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிடேஸ் நொதியை முடுக்கிவிட, சூப்பராக்சைடும் அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும் என்று எதையும் தாக்கும் தீவிர ஆக்சிஜன் வகைகள் உண்டாகின்றன. மரவள்ளிக் கிழங்கில் இந்த ஆக்சிஜன் பொங்கல் காயம் பட்ட 15 நிமிடத்துக்குள் தொடங்கிவிடும். அதாவது நீங்கள் குவியல் போட்டு முடிப்பதற்குள்.

அடுத்த சில மணி நேரத்தில் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. ஃபினைல்அலனின் அம்மோனியா லயேஸ் என்ற நொதி பெருகுகிறது. அமினோ அமிலமான ஃபினைல்அலனினை எடுத்து ஃபீனால் பாதைக்குள் தள்ளிவிடுவது அதன் வேலை. அந்தப் பாதையில் ஒரு கிளை லிக்னினுக்கும் சூபரினுக்கும் போகிறது, அதாவது காயத்தை மூடும் சரக்குக்கு. இன்னொரு கிளை ஸ்கோபோலெட்டின் என்ற கூமரின் பொருளுக்குப் போகிறது. புதிதாகப் பிடுங்கிய கிழங்கில் ஸ்கோபோலெட்டின் மிகச் சொற்பம். ஒன்றிரண்டு நாளில் பல மடங்கு ஏறிவிடும். ஏற்கெனவே தேங்கிக் கிடக்கும் பெராக்சைடையும் பெராக்சிடேஸ் நொதியையும் அது சந்திக்கும்போது ஆக்சிஜனேற்றம் அடைந்து கருநீல நிறமியாகிறது. அந்த நிறமி தங்குவது நீர் ஏறும் சைலம் குழாய்களிலும் அவற்றை ஒட்டிய செல்களிலும்தான். அதனால்தான் கறை பரவலாக இல்லாமல் கோடாகத் தெரிகிறது. குறுக்கே வெட்டினால் புள்ளி, நெடுக்கே வெட்டினால் நரம்பு.

அழுகலைப் பிரித்தறிவது எளிது. நீலக்கோடு விழுந்த கிழங்கு கெட்டியாக இருக்கும், வாடை இருக்காது, கோடு ஒடிந்த முனையிலிருந்து உள்நோக்கிப் போகும். அழுகல் பொதுவாக 5, 6 நாள் கழித்து வரும். அமுக்கினால் விரல் இறங்கும், புளிச்ச வாடை அடிக்கும். முதலாவது நடந்து செல்கள் செத்த பிறகுதான் இரண்டாவதுக்கு வழி கிடைக்கிறது.

ஸ்கோபோலெட்டினைத் தயாரிக்கும் நொதிக்கான மரபணுவைச் செயல்படாமல் ஒடுக்கிய மரவள்ளிச் செடிகளில் நிறமாற்றம் வெகுவாகக் குறைந்ததாக 2017-இல் ஆய்வு வெளியானது. கோட்டுக்குக் காரணம் இந்தப் பொருள்தான் என்பதற்கு அதைவிட நேரடியான ஆதாரம் வேண்டியதில்லை.

தொப்பூர் லோடு

எல்லாம் சரிங்க, ஆனா ஆலைக்காரருக்கு இது பெரிய விஷயமே இல்லை. ஏத்தின அன்னைக்கு ராத்திரியே மஞ்சவாடிக் கணவாய் தாண்டி சேலத்துப் பக்கம் இறக்கிட்டா மறுநாள் காலையில் அரைச்சு முடிஞ்சுது. ஆலை பார்க்குறது பாயிண்ட். கிழங்கைக் காற்றில் ஒரு எடை, தண்ணிக்குள்ள ஒரு எடை போட்டு மாவுச்சத்துக் கணக்குப் போடுவாங்க. நீலம் ஏறின கிழங்குல மாவு நிறம் மங்கும், அது உண்மை. ரெண்டு நாள் கிடந்தா எடையும் போகும், மாவுல கொஞ்சம் சர்க்கரையாயிடும். வண்டி தாமதமாகாம இருந்தா போதும்.

இன்னொண்ணு. பிடுங்குறதுக்கு முன்னாடி தலையை வெட்டி விட்டா நீலம் வராதுன்னு சிலர் சொல்றாங்க. அதை நம்பி வெட்டினா பாயிண்ட் இறங்கும். ஆலைக்குப் போடுறவங்க அதைச் செய்யாதீங்க.

வேர்ச்செல்

தொப்பூர் அண்ணன் சொல்வது ஆலைச் சரக்குக்கு முழுக்கச் சரி. தலை வெட்டுவது பலன் தரும் என்பதும் சரி. இரண்டும் ஒரே காரணத்தின் இரு பக்கம்.

அறுவடைக்கு 2 முதல் 3 வாரம் முன்பு, தரையிலிருந்து 25–30 செ.மீ. குச்சியை விட்டுவிட்டு மேலே உள்ளதை அறுத்துவிட வேண்டும். கிழங்கைத் தொடக்கூடாது, மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும். இலை போனதும் மேலிருந்து சர்க்கரை வரத்து நிற்கிறது. வெட்டிய குச்சி புதுத் தளிர் விடப் பார்க்கும். அதற்குக் கிழங்கிலிருந்து மாவுச்சத்து உடைந்து சர்க்கரையாக மேலே போகும். ஆகவே மாவு விகிதம் குறைந்து சர்க்கரை விகிதம் ஏறுகிறது. பாயிண்ட் இறங்குவது இதனால்தான். அதே சமயம் இப்படி மாறிய கிழங்கு பிடுங்கிய பின் ஃபீனால் பாதையை அவ்வளவு வேகமாக ஓட்டுவதில்லை, ஸ்கோபோலெட்டின் குறைவாகவே சேர்கிறது. உலர்சத்து அதிகமுள்ள ரகங்களில் நீலக்கோடு சீக்கிரம் வருவதும் இதோடு பொருந்துகிறது.

3 வாரத்துக்கு மேல் விட்டால் தளிர் வளர்ந்து மாவை இன்னும் அதிகமாகத் தின்னத் தொடங்கிவிடும். அதன்பின் எந்தப் பக்கமும் லாபமில்லை. மழை பெய்து மண் ஈரமாக இருந்தால் தளிர் இன்னும் வேகமாக வரும். அப்போது 2 வாரத்திலேயே பிடுங்கிவிடுவது நல்லது.

ஆக, ஆலைக்கு என்றால் வெட்டாதீர்கள், 24 மணி நேரத்துக்குள் அனுப்புங்கள். சந்தைக்கு, சிப்ஸுக்கு என்றால் அந்தப் பகுதியை மட்டும் தனியாகக் கயிறு கட்டிப் பிரித்து வெட்டுங்கள். ஒரே வயலில் இரண்டு விதமாகவும் செய்யலாம்.

பாலக்கோடு தக்காளி

குறுக்கே புகுந்ததுக்கு மன்னிக்கணும். காயம்னதும் எனக்கு ஜாஸ்மோனிக் அமிலம்தான் ஞாபகம் வருது. தக்காளி இலையைப் புழு கடிச்சா செடி முழுக்கச் செய்தி போகும்னு படிச்சிருக்கேன். கிழங்குலயும் அதே சங்கதிதானா? அப்புறம் பக்கக்கிளை கிள்ளுறப்ப ஒவ்வொரு தடவையும் செடி இப்படிப் பதறுமா? பதறினா காய்ப்பு குறையாதா?

இலைநுனி

அடிப்படை ஒன்றுதான், ஆனால் இலையில் செய்தி போகிற போக்கு வேறு. தக்காளிதான் இந்தத் துறைக்கே முதல் பாடம் சொன்ன செடி என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1972-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளாரன்ஸ் ரயனும் அவர் கூட்டாளி கிரீனும் ஒரு சங்கதி கண்டார்கள். ஓர் இலையை வண்டு கடித்தால் கடிபடாத மற்ற இலைகளிலும் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்கள் சேர்ந்தன. பூச்சியின் குடலில் உள்ள டிரிப்சின் போன்ற நொதிகளை அவை கட்டிப்போடும். தின்ற இலை பூச்சிக்குச் செரிக்காது. 1991-இல் ரயன் குழு அந்தச் செய்தியைக் கிளப்புகிற பொருளைப் பிரித்தெடுத்தது. சிஸ்டமின் என்ற, வெறும் 18 அமினோ அமிலம் கொண்ட துண்டு. 200 அமினோ அமிலம் கொண்ட பெரிய புரதத்தின் வாலிலிருந்து வெட்டப்படுவது. தக்காளி, உருளை, மிளகாய் இருக்கும் குடும்பத்துக்கு உரிய சரக்கு இது. மரவள்ளி ஆமணக்குக் குடும்பம். அதில் சிஸ்டமினைத் தேட வேண்டாம்.

எல்லாச் செடிக்கும் பொதுவான காயச் செய்தி ஹார்மோன் ஜாஸ்மோனிக் அமிலம். பச்சையத் தட்டின் கொழுப்பிலிருந்து லினோலெனிக் அமிலம் பிரிகிறது. லிப்பாக்சிஜினேஸ் என்ற நொதி அதில் ஆக்சிஜனை ஏற்றுகிறது. மேலும் இரண்டு நொதிகள் அதை வளைத்து வளையமாக்கி ஓபிடிஏ என்ற இடைப்பொருள் ஆக்குகின்றன. பிறகு அது பெராக்சிசோம் என்ற செல்லின் சிறு அறைக்குப் போய் 3 சுற்று நறுக்கப்பட்டு ஜாஸ்மோனிக் அமிலமாக வெளிவருகிறது. ஆனால் அதுவும் நேரடியாக வேலை செய்வதில்லை. ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்தோடு சேர்ந்த பிறகுதான் செல்லுபடியாகும்.

செல்கருவில் ஜாஸ் என்ற தடுப்புப் புரதங்கள், எம்ஒய்சி2 என்ற மரபணு இயக்கியின் மேல் உட்கார்ந்து அதை முடக்கி வைத்திருக்கும். ஐசோலூசின் சேர்ந்த ஜாஸ்மோனேட் வந்ததும் காய்1 என்ற ஏற்பி அதையும் ஜாஸ் புரதத்தையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தடுப்பு குப்பைக்கு என்று முத்திரை குத்தப்பட்டு, புரதங்களை உடைக்கும் புரோட்டியசோமில் அரைபடுகிறது. எம்ஒய்சி2 விடுபட்டதும் பாதுகாப்பு மரபணுக்கள் ஓடுகின்றன. ஜாஸ் புரதங்கள் கண்டறியப்பட்டது 2007-இல். எம்ஒய்சி2 கிளப்பும் மரபணுக்களில் ஜாஸ் புரதங்களுக்கானவையும் உண்டு. அதாவது தன் பூட்டைத் தானே மறுபடி செய்துகொள்கிறது. ஒரு கிள்ளலுக்கு செடி நாள் முழுக்கப் பதறாமல் அடங்குவது இதனால்தான்.

செய்தி எப்படித் தூரம் போகிறது என்றால், 2018-இல் டொயோடா, கில்ராய் என்ற ஆய்வாளர்களின் குழு, ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் அரபிடாப்சிஸ் செடியில் கால்சியம் ஏறும் இடமெல்லாம் ஒளிரும்படி செய்து படமாகவே எடுத்தார்கள். வெட்டிய இலையிலிருந்து நொடிக்குச் சுமார் 1 மி.மீ. வேகத்தில் ஒளி ஓடி ஒன்றிரண்டு நிமிடத்தில் அடுத்த இலைகளைச் சேர்ந்தது. வெட்டாமலே குளூட்டமேட் சொட்டு வைத்தாலும் அதே ஓட்டம். குளூட்டமேட் ஏற்பி போன்ற இரண்டு புரதங்களை நீக்கினால் ஓட்டம் நின்றது. நம் நரம்புகளும் குளூட்டமேட்டைத்தான் பயன்படுத்துகின்றன. அதற்காகச் செடிக்கு நரம்பு உண்டு, வலிக்கும் என்று கிளம்பிவிடக் கூடாது.

பக்கக்கிளை விஷயம்: 3–5 செ.மீ. இருக்கும்போதே கிள்ளினால் காயம் சிறிது, ஓரிரு நாளில் காய்ந்து மூடிவிடும். பென்சில் பருமன் ஆனபின் வெட்டினால் காயமும் பெரிது, அதுவரை அந்தக் கிளை தின்ற சத்தும் நட்டம். காலை வெயில் ஏறும்போது செய்தால் சாயங்காலத்துக்குள் வாய் காயும். மழை மூட்டத்தில் செய்யாதீர்கள். காய்ப்பைக் குறைப்பது கிள்ளல் அல்ல, கையோடு செடிக்குச் செடி போகும் மொசைக் வைரஸ்தான். வைரஸ் நுழைய செல் சாகாத அளவுக்கு ஒரு சிராய்ப்பு போதும். ஒரு வரிசை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

அரூர் மேட்டுக்காடு

நல்ல விவரம். எங்க கேள்விக்கு வர்றேன். அப்போ காயத்தைக் குறைச்சாலே பாதி வேலை முடிஞ்சுது இல்லையா? பிடுங்குறதுல எங்கெங்க காயம் ஆகுது?

தொப்பூர் லோடு

நாலு இடம். முதல் இடம் கழுத்து. செடியைப் பிடிச்சு ஆட்டி ஒரே மூச்சில் இழுத்தா கழுத்து மொட்டையா ஒடியும், சதை தெரியும். இது பெரிய வாய். கொத்தோட எடுத்துட்டு, அப்புறம் கத்தியால கிழங்குக்கு மேல 2–3 செ.மீ. காம்பு விட்டு வெட்டணும். கையால திருகி ஒடிக்கக் கூடாது, திருகினா தோலும் சேர்ந்து கிழியும்.

ரெண்டாவது வால். செம்மண் காஞ்சு இறுகிக் கிடக்குறப்ப வால் உள்ளேயே ஒடிஞ்சு நிக்கும். ரெண்டு மூணு நாள் முன்னாடி லேசா ஒரு தண்ணி விட்டு, மண் புட்டு மாதிரி உதிர்ற பதத்துல பிடுங்கினா வால் முழுசா வரும். சேறா இருந்தா மண் ஒட்டும், எடையில கழிப்பாங்க, அழுகலும் சீக்கிரம் வரும்.

மூணாவது கடப்பாரைக் குத்து. செடி அடியில இருந்து ஒரு முழம் தள்ளிச் சாய்வா குத்தி நெம்பணும். நாலாவது, வண்டியில வீசுறது, மேல ஏறி மிதிக்கிறது. வெளியே கீறல் தெரியாது, உள்ளே செல் நசுங்கியிருக்கும். வெட்டிப் பார்த்தா நடுவுல மட்டும் நீலம் இருக்கும், முனை ரெண்டும் வெள்ளையா இருக்கும். அப்படி இருந்தா குத்தம் பிடுங்கினவர் மேல இல்லை, ஏத்தினவர் மேல.

வேர்ச்செல்

கடைசி வரி முக்கியமானது. கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்தால் காயம் எப்போது ஆனது என்று தெரிந்துவிடும்.

ஒரு விஷயம் சேர்க்கிறேன். உருளைக்கிழங்கும் காயப்படுகிறது, அதில் ஏன் இப்படி இல்லை? தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் உருளை போடுகிறவர்களுக்குத் தெரியும், எடுத்தவுடன் 15–20 டிகிரி வெப்பம், 85–95 சதவீத ஈரப்பதத்தில் 10–14 நாள் ஆறப்போட்டால் வெட்டுவாயில் சூபரின் படிந்து, அதன் கீழே புதுத்தோல் கட்டிவிடும். உருளை அடுத்த தலைமுறைக்கான தண்டு. அது ஓய்ந்து கிடந்து மறுபடி முளைக்க வேண்டியது. மரவள்ளிக் கிழங்கு வெறும் வேர், அதில் முளைக்கும் கண் கிடையாது. செடியிலிருந்து பிரிந்தபின் அது பிழைத்திருக்க இயற்கையில் அவசியமே இல்லை.

ஆனாலும் மூடும் திறன் அதற்கு இல்லாமல் இல்லை. சுமார் 35 டிகிரி வெப்பமும் 80–85 சதவீத ஈரப்பதமும் கிடைத்தால் 1–4 நாளில் சூபரின் படிந்து, 3–5 நாளில் புதுக் கார்க் அடுக்கு கட்டத் தொடங்கும். தர்மபுரி மாசி பங்குனிக் காற்றில் வெப்பம் தாராளம், ஈரம்தான் இல்லை. வெட்டுவாய் காய்ந்து, மேலே உள்ள செல்கள் மூடுவதற்குள் செத்து, சேதி அடுத்த அடுக்குக்குத் தாவுகிறது. அந்த அடுக்கும் அதேபோல் பெராக்சைடு, ஸ்கோபோலெட்டின் என்று கிளம்புகிறது. சைலம் குழாய் வழியே உள்ளே போகும் காற்று இதற்குத் தூபம் போடுகிறது. மூட முடியாத காயம் என்பதால்தான் எதிர்வினை அடங்காமல் கிழங்கு முழுக்க ஓடுகிறது.

கடத்தூர் ஆடு

நீலம் ஏறினதைச் சாப்பிடலாமா? விஷம் ஏறியிருக்குமோன்னு வீட்ல பயப்படுறாங்க. அப்புறம் அந்தத் தலை வெட்டுற யோசனையில எனக்கு ஒரு பயம். வெட்டிப்போட்ட தழையில ஆடு வாய் வைக்குமே?

இலைநுனி

ரெண்டாவது கேள்விக்கு முதலில் பதில், அது உயிர் சம்பந்தப்பட்டது. ஆட்டை விடாதீர்கள்.

மரவள்ளியில் லினமாரின் என்ற சர்க்கரைக் கூட்டு செல்லின் நீர்ப்பையில் இருக்கிறது. அதை உடைக்கும் லினமாரேஸ் நொதி செல்சுவரிலும் பால் ஓடும் குழாய்களிலும் இருக்கிறது. முழுச் செல்லில் இரண்டும் சந்திக்காது. கடித்தால், நறுக்கினால், நசுக்கினால் சந்திக்கும். சந்தித்ததும் லினமாரின் உடைந்து அசிட்டோன் சயனோஹைட்ரின் ஆகிறது. அது தானாகவோ, இன்னொரு நொதியின் உதவியாலோ பிரிந்து ஹைட்ரஜன் சயனைடை விடுகிறது. அந்த இரண்டாம் நொதி இலையில் நிறைய, கிழங்கில் மிகக் குறைவு. லினமாரினும் கிழங்குச் சதையைவிட இலையில் பல மடங்கு. அதனால் இலையை மென்றவுடன் சயனைடு வேகமாக வரும். பசியோடு வரும் ஆடு ஒரு வயிறு தின்றால் நிமிடக் கணக்கில் மூச்சு இரைத்து, ஈறு செக்கச் சிவந்து, விழுந்துவிடும். கால்நடை மருத்துவர் சோடியம் நைட்ரைட்டும் தயோசல்பேட்டும் ஊசியாகப் போடுவார். கைவைத்தியத்துக்கு அங்கே நேரமில்லை. வெட்டிய பிறகு வரும் புதுத்தளிரில் இன்னும் அதிகம். தீவனமாக்க வேண்டுமென்றால் நன்றாக நறுக்கி, மெல்லிசாகப் பரப்பி 2, 3 நாள் வெயிலில் காயவைத்த பிறகு, அதுவும் மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து. நறுக்காமல் முழுத் தழையாகக் காயப்போடுவது போதாது. செல் உடைந்தால்தானே நொதியும் லினமாரினும் சந்திக்கும்?

இனி முதல் கேள்வி. நீலக்கோடு சயனைடு அல்ல. கோடு விழுந்த கிழங்கு கசக்கும், வேகாமல் கட்டையாக இருக்கும், சுவை போய்விடும். கோட்டை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். அழுகல் வாடை வந்ததைத் தொடாதீர்கள்.

ஆனால் சயனைடுக்கும் நீலத்துக்கும் உள்ளே ஒரு தொடர்பு உண்டு. காயத்தில் வெளிப்படும் சயனைடு, மைட்டோகாண்ட்ரியாவில் சுவாசச் சங்கிலியின் கடைசி நொதியை அடைத்துவிடுகிறது. எலக்ட்ரான்கள் போக வழியில்லாமல் ஆக்சிஜனோடு ஒட்டி மேலும் சூப்பராக்சைடு பிறக்கிறது. சயனைடுக்கு அசையாத மாற்று ஆக்சிடேஸ் நொதியைக் கிழங்கில் கூடுதலாக உண்டாக்கிய செடிகளில் நீலம் 2 வாரம் வரை தள்ளிப்போனதாக 2012-இல் ஆய்வு வந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை அதுதான். ஒரே ஒரு வாய்க்காலைத் திறந்துவிட்டதில் முழுச் சங்கிலியும் மெதுவாகிவிட்டது.

சமையலுக்கு: தோலைத் தடிமனாக உரித்து, சிறு துண்டாக்கி, குளிர்ந்த நிறையத் தண்ணீரில் போட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் பெரிய துண்டாகப் போட்டால் நொதி உடனே செத்துவிடும், லினமாரின் உடையாமல் உள்ளேயே நின்றுவிடும். வெந்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், மூடி போடாமல் வேகவையுங்கள். ஆலை ரகமான எச்-165 போன்றவற்றை வீட்டுக்கு எடுக்கவே வேண்டாம். சமையலுக்குக் கசப்பில்லாத ரகம்தான்.

அரூர் மேட்டுக்காடு

சந்தைச் சரக்கை 5, 6 நாள் வெள்ளையா வெச்சிருக்க எது நடக்கும்? மெழுகு பூசுறதெல்லாம் நம்ம அளவுக்குக் கட்டுப்படியாகாது.

வேர்ச்செல்

எல்லா முறையும் இரண்டு வேலைதான் செய்கின்றன: ஆக்சிஜனைக் குறைப்பது, வெட்டுவாயை ஈரமாக வைத்து மூட விடுவது.

பாலித்தீன் பை: காயமில்லாத கிழங்கு மட்டும். பிடுங்கிய 3 மணி நேரத்துக்குள் பைக்குள் போக வேண்டும். மறுநாள் பையில் போடுவது வீண், ஸ்கோபோலெட்டின் ஏற்கெனவே கிளம்பியிருக்கும். மண்ணைத் தட்டி, கழுவினால் மேலீரம் காயவிட்டு, பைக்கு 3–5 கிலோ, நிழலில். பைக்குள் ஈரம் ஏறி, நம் ஊர் வெப்பமும் சேர்ந்து காயம் ஆறும் சூழல் தானாக அமைகிறது. சிக்கல் பூஞ்சை. ஒரு வாரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். ஒரு கிழங்கில் காயம் இருந்தாலும் அதிலிருந்து பை முழுக்கப் பரவும். சாப்பிடும் கிழங்கு என்பதால் மருந்து முக்கும் யோசனைக்கு நான் வரமாட்டேன்.

ஈர மரத்தூள்: மரப்பெட்டியில் அடுக்கடுக்காக, கிழங்கு ஒன்றோடொன்று தொடாமல். தூளைக் கையில் இறுக்கிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. காய்ந்தால் நீலம், நனைந்தால் அழுகல். கவனமாகப் பார்த்துக்கொண்டால் ஒரு மாதம் வரைகூட நிற்கும். பெரிய சரக்குக்கு ஒத்துவராது.

தண்ணீர்த் தொட்டி: ஒரு நாளைக்கு மட்டும். ஆக்சிஜன் தடைபடுவதால் நீலம் நிற்கும், ஆனால் 3 நாளில் புளித்துச் சதை இளகிவிடும்.

சிப்ஸ்காரருக்கு நேரடியாகக் கொடுப்பதாக இருந்தால் தலை வெட்டுவதும் பையும் சேர்ந்ததுதான் என் தேர்வு. ஒன்றை மட்டும் செய்து பலனில்லை என்று சொல்பவர்கள் பெரும்பாலும் காயப்பட்ட கிழங்கைப் பையில் போட்டவர்கள்.

பாலக்கோடு தக்காளி

எந்த ரகம் தாங்கும், எந்த முறை வேலை செய்யுதுன்னு வயல்லயே பார்க்க வழி இருக்கா?

வேர்ச்செல்

ஆய்வு நிலையங்களில் செய்கிற முறையே எளிதானது. ஒரே பருமனில், கீறல் இல்லாத கிழங்கு ரகத்துக்கு 5, 6 எடுங்கள். இரண்டு முனையும் கூரான கத்தியால் நேராக வெட்டி நடுவில் சுமார் 15 செ.மீ. துண்டை வைத்துக்கொள்ளுங்கள். வால் பக்க வெட்டுவாயை உணவு சுற்றும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால் இறுக மூடுங்கள். கழுத்துப் பக்கம் திறந்திருக்கட்டும். இப்போது காற்று ஒரு பக்கத்திலிருந்து மட்டும் போகும், கோடும் அந்தப் பக்கத்திலிருந்தே நகரும். நிழலில் வைத்து 3-ஆம் நாள் சில துண்டும் 7-ஆம் நாள் மீதியும் 2 செ.மீ. கனத்தில் 7 வில்லைகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓரத்தில் எவ்வளவு பங்கு நீலம் என்று 10-க்கு மதிப்பெண் போடுங்கள். 7 வில்லையின் சராசரிதான் அந்தக் கிழங்கின் கணக்கு. ஒரு கிழங்கை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே செடியின் கிழங்குகளுக்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருக்கும்.

கோடு கண்ணுக்குத் தெரியும் முன்பே பார்க்க வேண்டுமா? கள்ளநோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கு, 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பது. பிடுங்கிய மறுநாள் ஒரு வில்லை வெட்டி இருட்டறையில் அதன் மேல் அடியுங்கள். பச்சைக் கிழங்கு மங்கலாக இருக்கும். ஸ்கோபோலெட்டின் சேர்ந்த இடம் பளிச்சென்று வெளிர்நீலமாக ஒளிரும், தோலை ஒட்டிய வளையத்தில் முதலில் தெரியும். வெறும் கண்ணுக்கு அந்த வில்லை இன்னும் வெள்ளைதான். விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம்.

மஞ்சள் சதைக் கிழங்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பீட்டா கரோட்டின் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தணிப்பதால் அதில் நீலம் தாமதமாகும்.

கடத்தூர் ஆடு

தலை வெட்டினா அந்தக் குச்சியை நடவுக்கு வெச்சுக்கலாமா? 3 வாரம் தாங்குமா?

இலைநுனி

தாங்கும். கட்டாகக் கட்டி, அடி கீழே தலை மேலே, மரநிழலில் நெட்டுக்குத்தாக நிறுத்தி அடிமண்ணை ஈரமாக வைத்திருங்கள். படுக்கப் போட்டால் நடுக்கட்டில் புழுங்கும். மொசைக் நோய் இல்லாத செடியிலிருந்து மட்டும் எடுங்கள்.

இங்கே காயம் நமக்கு வேலைக்காரன். நடும் அன்று புதிதாக வெட்ட வேண்டும். பச்சையான நுனியையும் கட்டையான அடியையும் தள்ளிவிட்டு நடுப்பகுதியில் 15–20 செ.மீ., 8–10 கண் உள்ள கரணைகள். வெட்டுவாயில் அதே ஜாஸ்மோனேட் முதலில் வரும். அரபிடாப்சிஸ் இலையில் செய்த சோதனைகளின்படி அது ஈஆர்எஃப்109 என்ற மரபணு இயக்கியைக் கிளப்பி, ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனின் தயாரிப்பைத் தூண்டுகிறது. ஆக்சின் தண்டில் மேலிருந்து கீழாகவே ஓடுவதால் அடிமுனையில் தேங்கி அங்கே வேர் பிறக்கிறது. காயத்தில் கிளம்பும் விண்ட்1 என்ற இன்னொரு இயக்கி, முதிர்ந்த செல்லை மறுபடி பிரியும் செல்லாக்கி, கல்லஸ் என்ற காயம் மூடும் செல்திரளைக் கட்டவைக்கிறது. ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தார் 2011-இல் காட்டியது.

வயலில் இதற்குப் பொருள்: கரணையைத் தலைகீழாக நட்டால் ஆக்சின் தேங்கும் முனை வெளியே காற்றில் நிற்கும், வேர் தாமதமாகும். சாய்வாக வெட்டினால் கூர்முனைப் பக்கம் மட்டும் வேர் குவியும், கிழங்கும் ஒரே பக்கமாக இறங்கும். நேர் குறுக்காக வெட்டினால் சுற்றிலும் வரும். அரிவாளால் தரையில் வைத்து வெட்டினால் அடி நசுங்கி நார் பிளக்கும். நசுங்கிய செல் கல்லஸ் கட்டாது, அழுகலுக்குத்தான் வழி. கையில் பிடித்துச் சுற்றி லேசாகக் கீறி ஒடிப்பது, இல்லை சின்னப் பல் ரம்பம். பால் வடிவது நின்றபிறகு, கார்பன்டசிம் லிட்டருக்கு 1 கிராம் கரைசலில் 15 நிமிடம் ஊறவைத்து நடலாம். நடவுக்கு அது சரியான இடம், சந்தைக் கிழங்குக்குத்தான் இல்லை.

தொப்பூர் லோடு

ரம்பத்துக்கு ஒண்ணு சொல்றேன், ஒரு கட்டு முடிஞ்சதும் பல்லுல ஒட்டின பாலைத் துடைங்க. காஞ்சு பிசினாயிட்டா அடுத்த கட்டுல வெட்டாது, கிழிக்கும்.